இரண்டாவது இறுவட்டுக்கு ஒரு முகம்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
மாசி 12, 2006

அன்புள்ள தம்பி தக்சனுக்கு,

அக்கா மயூரா எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தார்கள். நீ அனுப்பிய உங்கள் குழுவின் புதுப் பாட்டு இறுவட்டை ஒரு கிழமையாகக் கேட்கிறேன். உன் நலம் அதில் இருக்கிறது. நாலாவது பாட்டின் முடிவில் உன் இருமல்கூட இருக்கிறது. வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். தேசிக்காய்ச் சாற்றைச் சுடுதண்ணீரில் விட்டுக் குடி.

நேற்று நான் அனுப்பிய குறுஞ்செய்தி ஒரே சொல். வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு நீ திரும்பத் திரும்ப அழைத்தாய். நான் எடுக்கவில்லை. ரெலிபோனில் நீ கெஞ்சுவாய். நீ கெஞ்சினால் நான் ஓம் என்றுவிடுவேன். இது நம் இருவருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் கடிதம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் பாடகன் பென் வான் வண்டிக்குள் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிக்க முடியாது என்பது. இன்னொரு காரணம், உன்னாலும் வேகமாக வாசிக்க முடியாது என்பது. எழுத்துக் கூட்டி வாசி. மெதுவாக வாசி.

முதலில் பாட்டுகள்.

மெட்ரோவில் கேட்கிறேன். வெஸ்ட்லியில் ஏறும்போது வண்டி வெறுமையாக இருக்கும். பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் இறுவட்டில் முக்கால்வாசி முடிந்துவிடும். முதல் மூன்று பாட்டும் போன இறுவட்டைப் போலவே இருக்கின்றன. அதே வேகம், அதே இடத்தில் கூச்சல். போன தடவை பிடித்ததைத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கொடுத்திருக்கிறீர்கள். அதில் பயம் தெரிகிறது. முதல் இறுவட்டில் இருந்த பாட்டுகள் லீட்ஸில் உங்கள் மாணவர் வீட்டின் குளிரில், யாரும் கேட்காமல், ஆறுதலாக வளர்ந்தவை. இந்தத் தடவை கடற்கரையில் ஒரு கலையகம், வாடகை ஓடுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறுவட்டை வெளியிடுகிற கொம்பனிக்காரர். பயம் வரும்தான். ஆனால் ஐந்தாவது பாட்டில் இருந்து நீங்கள் அவர்களை மறந்துவிடுகிறீர்கள். அங்கிருந்து நல்லாக இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. ஏழாவது பாட்டைக் கேட்டபடி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன்.

ஒன்பதாவது பாட்டில் மேளம் ஒரு கணம் தடுமாறி, பின்னால் போய், மறுபடி தொடங்குகிறது. அது அம்மாவுக்காக. சொல்லாதே. தெரியும்.

பென்னுக்கு இதை நீ விளக்கினாயோ தெரியாது. உங்கள் முதல் இறுவட்டை அம்மா சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசினார். அட்டைக்குப் பூசியிருந்தால் பரவாயில்லை. தட்டை வெளியே எடுத்து, தட்டுக்கே பூசினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவது பாட்டு ஒரு இடத்தில் சிக்கிப் பாயும். அம்மா அதைப் பாய்ச்சலோடுதான் பாடமாக்கினார். சமைக்கும்போதும் பாய்ச்சலோடுதான் முணுமுணுப்பார். நீங்கள் ஒஸ்லோவில் வாசித்த அன்று காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து, முடிந்த பிறகு, உன்னுடைய ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாரே: "ஏன் மேனை, அந்த இடத்திலை பாயாமல் விட்டிட்டியள்?"

புது இறுவட்டைப் போன ஞாயிறு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்பதாவது பாட்டு வந்தது. மேளம் தடுமாறியது. அம்மா எழும்பிப் போய்த் தட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சந்தனம் வைக்க முதலே பழுதாப் போச்சு. உவங்களிட்டைச் சொல்லி வேறை ஒண்டு அனுப்பச் சொல்லு" என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை. நீ வந்து சொல்.

இனி அட்டைப்படம்.

இறுவட்டோடு நீ அனுப்பிய மாதிரி அட்டை என் மேசையில் இருக்கிறது. நான். பன்னிரண்டு வயது. சிவப்புப் பட்டு, நெற்றிச்சுட்டி, கண்ணில் மை. ஒரு கை கண்ணாடிக் கதவில். கண்கள் படத்துக்கு வெளியே எதையோ பார்க்கின்றன. உதட்டை இறுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு நொடியில் அழப்போகிற முகம். மேலே சின்ன எழுத்தில் உங்கள் குழுவின் பெயர். வேறொன்றும் இல்லை.

அழகாகத்தான் இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

உன் அறைச் சுவரில் இருந்த படத்தை வடிவமைப்பாளர் பார்த்து, இவ்வளவு துயரமான முகத்தைத் தான் கண்டதில்லை என்றாராம். கொம்பனி முதல் தடவையாகச் சண்டை பிடிக்காமல் ஒன்றுக்கு ஓம் என்றதாம். நான் சம்மதிக்காவிட்டால் நீங்கள் நால்வரும் ஒரு செங்கல் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த படம்தான் வருமாம். எல்லாக் குழுவையும் போல. மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். உன்னுடைய கடிதத்தில் "அக்கா" என்ற சொல் ஆறு இடத்தில் இருந்தது. வழமையாக நீ ஒரு இடத்தில்தான் எழுதுவாய்.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. இரண்டு நாள் ஓம் என்றுதான் இருந்தேன். எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உங்கள் ஊர்க் கடை ஜன்னலில் என் முகம். ஏன் கூடாது?

பிறகு வாசிகசாலையில் சில்யே அதைப் பார்த்தாள். என்னோடு படிக்கிறவள், நல்லவள், இரண்டு வருடமாக மத்தியானச் சாப்பாட்டைப் பகிர்கிறோம். அட்டையைக் கையில் எடுத்தாள். இது நீயா என்று கேட்டாள். இது என்ன விழா என்றாள். பெரியபிள்ளையானால் எங்களில் செய்கிற சடங்கு, சாமத்தியவீடு என்று சொன்னேன். என் தோளில் கையை வைத்தாள். பிறகு மெல்லிய குரலில், பாவம் என்றாள்.

அந்தக் கை என் தோளில் இன்னும் இருக்கிறது.

அவளில் பிழை இல்லை. படம் அப்படித்தான் சொல்கிறது. உன் ஆறாவது பாட்டும் அப்படித்தான் சொல்கிறது. அதில் ஒரு பெண்ணை அறையில் பூட்டுகிறார்கள். பட்டால் கட்டுகிறார்கள். ஊருக்குக் காட்டுகிறார்கள். அவள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாள். நல்ல பாட்டு. அதில் உன் கிற்றார் குறைவாக இருப்பதும் நல்லது. ஆனால் டேய், என்னை யார் பூட்டினார்கள்? அந்த இரண்டு கிழமையும் பள்ளிக்கூடம் இல்லை. உழுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. அதுதான் கொடுமை, அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. மற்றபடி நான் கட்டிலில் படுத்துக் கிடந்து படக்கதைப் புத்தகம் வாசித்தேன். அந்தப் புத்தகங்களைக் கதவுக்குக் கீழால் தள்ளியது நீ. பதிலுக்கு நான் பிஸ்கட் தள்ளினேன்.

எனக்கு வெட்கமாக இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. அந்தச் சடங்கைப் பற்றி எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. எனக்கு ஒரு மகள் பிறந்தால் செய்வேனா? தெரியாது. ஆனால் அது என் கேள்வி. கேட்கிற நேரத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

பாட்டை மாற்று என்று கேட்கவில்லை. பாட்டு உன்னுடையது. பாட்டுக்கு முகம் இல்லை, கேட்கிறவன் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தை வைத்துக்கொள்வான். அட்டையில் என்னை வைத்தால் எல்லோரும் என்னையே வைப்பார்கள். சில்யேயின் ஒரு கையையே என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் இறுவட்டு எத்தனை ஆயிரம் பேரின் கைக்குப் போகும்?

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாட்டை அப்படி எழுதியிருக்கமாட்டாய்.

அன்று கண்ணாடிக்கு வெளியே நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

நினைத்துப் பார். தை மாதம். வெஸ்ட்லிப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம். சுவரில் பிள்ளைகள் ஏறிப் பழகுகிற மரச்சட்டங்களை மறைக்க அம்மா தன் சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார். படத்தில் எனக்குப் பின்னால் தெரிகிற நிறக்கோடுகள் அவைதான். உன் வடிவமைப்பாளர் அதை என்னவென்று நினைத்தாரோ. கூடைப்பந்து வளையத்தில் கடதாசிப் பூமாலை. நான் மேடைக்கு ஏற முதல் தாய்மாமன் தேங்காயை என் தலையைச் சுற்றி எடுத்து உடைக்க வேண்டும். சோதிலிங்கம் மாமா யாழ்ப்பாணத்தில். வர வழி இல்லை. ஒஸ்லோவில் அம்மாவுக்கு வேறு சகோதரம் இல்லை. எனவே உன்னைப் பிடித்தார்கள். பத்து வயது. அப்பாவின் வேட்டி, மடித்து மடித்து, மேலே அப்பாவின் பெல்ட்.

உதயகுமாரி மாமி உரத்துச் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "சகோதரம் மாமன்ரை வேலை செய்யிறதோ? முறை எண்டு ஒண்டு இல்லையோ?" அம்மா உன் வேட்டியை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டியபடி சொன்னார்: "இண்டைக்கு இவன் என்ரை மகனில்லை. என்ரை தம்பி."

பிறகு பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் வந்தார். மரத்தளத்தில் ஒன்றும் உடைக்கக்கூடாது, கீறல் விழும் என்றார். அப்பா உன்னிடம், "வெளியாலை கொண்டுபோய் ஓங்கி அடியடா, ஒரே அடி" என்றார். நீ வேட்டிக்கு மேல் பனிச்சட்டையும் காலில் பனிச்சப்பாத்துமாகக் கதவைத் திறந்து போனாய். இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினாய். உன் முழுப் பலத்தோடும் அடித்தாய்.

சத்தமே இல்லை. தேங்காய் பனிக்குள் போய்விட்டது.

உள்ளே எல்லோரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். மேளக் கசெட்டைப் போடுகிறவர் விரலை வைத்தபடி காத்திருந்தார். கதவடியில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நீ குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாய். முழங்காலில் விழுந்தாய். கையுறை இல்லாமல் தோண்டத் தொடங்கினாய். தவறான இடத்தில். உனக்கு அழுகை வந்தது. அழுதபடியே தோண்டினாய். பெல்ட் கழன்றுவிட்டது.

இரவீந்திரன் அண்ணை, வார நாட்களில் பஸ் ஓட்டி, சனி ஞாயிறுகளில் எங்கள் சடங்கெல்லாம் படம் பிடிப்பவர், அந்த நேரம் பார்த்து என் பக்கம் திரும்பிக் கமெராவை அமத்தினார்.

அதுதான் அந்த முகம். உலகத்தின் மிகத் துயரமான முகம். என் தம்பி பனியில் அழுகிறான், நான் பட்டோடு வெளியே ஓட முடியாது, அதே நேரம் எனக்குச் சிரிப்பு வெடிக்கப்போகிறது, சிரித்தால் உதயகுமாரி மாமி என்ன சொல்வா? அந்த உதடு அழுகையை இறுக்கவில்லை. இரண்டையும் இறுக்கி வைத்திருந்தது.

நீ என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பெண் என்று எழுதியிருக்கிறாய். நீ எங்கே நின்றாய் என்று எழுத மறந்துவிட்டாய்.

முடிவு உனக்கு நினைவிருக்கும். பராமரிப்பாளரே வந்து உனக்குத் தேங்காயை எடுத்துத் தந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டுகிற இரும்புக் கம்பித் தட்டைக் காட்டினார். அதில் அடித்தாய். இரண்டாகப் போனது. அவருக்கு ஒரு துண்டு கொடுத்தாய். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சவர்க்காரம் மாதிரி இருக்கிறது என்றார்.

உனக்குத் தெரியாதது, இரவீந்திரன் அண்ணை என்னை எடுத்த கையோடு திரும்பி, கண்ணாடிக்கூடாக உன்னையும் ஒன்று எடுத்தார். வெள்ளைப் பனி. நீலப் பனிச்சட்டை. வேட்டி ஈரத்தில் காலோடு ஒட்டியிருக்கிறது. நீ முழங்காலில் இருந்து இரண்டு கையையும் பனிக்குள் விட்டிருக்கிறாய். முகத்தைத் தூக்கி, நேரே என்னைப் பார்க்கிறாய். கண்ணாடியில் என் பட்டின் சிவப்பு மெல்லிய நிழலாக விழுந்திருக்கிறது. நான் அவ்வளவுதான் தெரிகிறேன். அவ்வளவு போதும்.

தேங்காய் உடையாத படம் அபசகுனம் என்று அம்மா அதைச் சடங்கு ஆல்பத்தில் ஒட்டவிடவில்லை. எறியப்போனார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் முழுக்க, பல்கலைக்கழகம் முழுக்க, படிக்கிற புத்தகத்தில் பக்கம் வைப்பது அதை வைத்துத்தான். விளிம்பு தேய்ந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது சொன்னால் கிழித்துப்போட்டிருப்பாய்.

இதோ, அனுப்புகிறேன்.

இதைப் போடு. உன்னுடைய இறுவட்டு, உன்னுடைய முகம். எல்லோரும் பார்க்கட்டும், ஒரு பெடியன் வேட்டியோடு பனிக்குள் கைவிட்டு எதையோ தேடுகிறான். எதை என்று கேட்பார்கள். சொல்லாதே. கொம்பனிக்காரர் துயரம் போதாது என்றால், அவர்களை வந்து நோர்வேப் பனியில் ஒரு தேங்காய் உடைத்துப் பார்க்கச் சொல்.

பென்னுக்குக் காட்டு. அவன் சிரித்தால் சரி. அவன் பாவம் என்றால் என்னிடம் சொல், நான் வந்து கதைக்கிறேன்.

வீட்டுப் புதினம். லோறென்ஸ்கூக்கில் வாங்கிய புது வீட்டின் திறப்பு எங்கள் கைக்கு வந்துவிட்டது. அம்மா பாதிச் சமையலறையைப் பெட்டியில் கட்டிவிட்டார். மீதிப் பாதியால் சமைக்கிறார். போன கிழமை கரண்டி இல்லாமல் அரிசி அளக்கிற சுண்டால் சாம்பார் பரிமாறினோம். சித்திரை வருசத்துக்கு அடுத்த ஞாயிறு குடிபுகுதல். ஐயர் வருவார். எல்லோரும் வருவார்கள், உதயகுமாரி மாமியும்.

அப்பாவைப் பற்றி நீ கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன். நீ இரண்டாம் வருடத்தோடு பொறியியலை விட்டது பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. உன் பெயரையும் சொல்வதில்லை. "லீட்ஸிலை இருக்கிற ஐயா" என்பார், அல்லது "அவர்" என்பார். நீ அதைச் சொன்ன இரவு சாப்பாட்டு மேசையில் இருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாரே, அதன் பிறகு அந்தக் கதிரையில் இருந்து சாப்பிடுவதில்லை. குசினியில் நின்றபடி சாப்பிடுகிறார். அன்றிலிருந்து நீ ஒஸ்லோவுக்கு வராமல் இருக்கிறாய். அவர் கதிரையில் இருக்காமல் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆள்.

வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் லோறென்ஸ்கூக் போய் வாசல் பனியை வழிக்கிறார். இன்னும் யாரும் குடியிருக்காத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு துப்புரவு என்று நேற்று நானும் போய்ப் பார்த்தேன். வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல். தட்டையானது, பெரியது. கடற்கரையில் எங்கேயோ இருந்து காரில் தனியாக ஏற்றி வந்திருக்கிறார். இடுப்புப் பிடிப்பு இன்னும் விடவில்லை. கல்லைச் சுற்றிப் பனியை வழித்து நிலம் தெரிய வைத்திருந்தார்.

"இந்தக் கல்லுக் காணுமோ பிள்ளை, பத்தாதோ?" என்று கேட்டார்.

எதற்கு என்று கேட்டேன்.

"தேங்காய்க்கு."

வீட்டுக்காரர்தானே உடைக்கிறது, நீங்கள் உடைப்பீர்களோ என்று கேட்டேன். அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கேன்? ஆர் பனிக்குள்ளை உடைச்சுப் பழகினவரோ, அவர் வந்து உடைக்கட்டும்."

திரும்பி வரும்போது காரில் அவர் வானொலியைப் போடவில்லை.

உங்கள் பயணத்தின் தேதிகளை இணையத்தில் பார்த்தேன். அந்த ஞாயிறு எந்த ஊரிலும் நீங்கள் வாசிக்கவில்லை. நீ வராவிட்டால் தேங்காயை நான் உடைப்பேன், முறையைப் பற்றி யார் என்ன சொன்னாலும். குரொன்லாந்துக் கடையில் மூன்று வாங்கிப் பழகிப் பார்த்தேன். இரண்டு உடைந்தது. மூன்றாவது அயல்வீட்டுப் பல்கனிக்குள் போய்விட்டது.

பிள்ளையார் துணை. உன் இருமல் மாறட்டும். உன் இரண்டாவது இறுவட்டுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். யார் என்ன எழுதினாலும் ஐந்தாவது பாட்டில் இருந்து அது நல்ல இறுவட்டு. அம்மா சந்தனம் குழைத்து வைத்திருக்கிறார். இந்தத் தடவை அட்டைக்கு மட்டும் பூசுவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா
மயூரா

பி.கு.: நூலகத்து ஸ்கேனர் பனியைச் சாம்பலாக்குகிறது, அதனால் மூலப்படத்தையே வைத்திருக்கிறேன். மடியாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை. வேறு பிரதி இல்லை. நான் வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தில் இப்போது பஸ் ரிக்கெற் வைத்திருக்கிறேன், அது நழுவி நழுவி விழுகிறது. வேலை முடிந்ததும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். தபாலில் அனுப்பாதே.